பாத்திரம் மாறினால் பால் மாறுமா?

இரண்டு குழந்தைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. ஒரே அளவான பாலை அண்ணனுக்கு ஒல்லியான உயர்ந்த டம்ளரிலும் தங்கைக்கு அகன்ற டபராவிலும் ஊற்றிக் கொடுத்தால், "அவனுக்குத்தான் நிறைய" என்று தங்கை அழத் தொடங்குகிறாள். டபராவில் இருந்த அதே பாலை அவள் கண்ணெதிரிலேயே இன்னோர் உயர்ந்த டம்ளருக்கு மாற்றிவிட்டால், ஒரு சொட்டும் கூடாதிருந்தும், தனக்கு நியாயம் கிடைத்துவிட்டதென்று சமாதானம் அடைகிறாள். பெரியவர்கள் இதைப் பிடிவாதம் என்றோ பொறாமை என்றோ சொல்லித் தீர்த்துவிடுகிறார்கள். ஆனால் நான்கு வயதுக் குழந்தை, தான் பார்த்துக்கொண்டே இருந்த பாலைப் பற்றி ஏன் இப்படியொரு முடிவுக்கு வருகிறது, ஏழெட்டு வயதில் அதே குழந்தை அந்த முடிவை எவ்வாறு கைவிடுகிறது என்னும் இரு கேள்விகளும், சிறுபிள்ளைகளுக்கு அளத்தல் என்னும் வித்தையைக் கற்பிக்கப் புகும் எவரும் முதலில் ஆராய வேண்டியவை.

இவற்றை முறையாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980). அவரும் அவருடன் பணிபுரிந்த அலினா செமின்ஸ்காவும் குழந்தையின் உள்ளத்தில் எண் என்னும் கருத்து பிறக்கும் விதத்தைப் பற்றி 1941-இல் வெளியிட்ட நூலில், இந்தச் சோதனை விரிவாக இடம்பெறுகிறது. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு பானம் ஊற்றி, இரண்டும் சமமே என்று குழந்தையே ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்றில் உள்ளதை மட்டும் குறுகிய உயரக் குவளைக்கோ பல சிறு குவளைகளுக்கோ மாற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேட்பார்கள். நான்கைந்து வயதுக் குழந்தைகள் தயக்கமின்றி ஏதோ ஒன்றைக் காட்டினர். அதற்குச் சற்று மேற்பட்ட வயதினர் ஒரு முறை சமம் என்றும் மறுமுறை இல்லை என்றும் தடுமாறினர். ஏறக்குறைய ஏழு வயதை எட்டியவர்களோ, இது ஒரு கேள்வியா என்பது போலச் சமம் என்றார்கள்.

ஒரு பொருளின் தோற்றம் மாறினாலும் அதன் அளவு மாறுவதில்லை என்னும் இந்த அறிவை 'அளவு மாறாமை' என்று நாம் அழைக்கலாம். இதனை எட்டிய குழந்தைகள் தங்கள் விடைக்குச் சொல்லும் காரணங்கள் மூன்று வகைப்படும். எதையும் சேர்க்கவுமில்லை, எடுக்கவுமில்லை என்பது ஒன்று. திரும்பப் பழைய குவளையிலேயே ஊற்றினால் பழையபடியே நிற்கும் என்பது இரண்டாவது. இது உயரம், ஆனால் ஒல்லி; அது குட்டை, ஆனால் அகலம் என்று ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறையால் ஈடுசெய்வது மூன்றாவது. முற்றமும் தாழ்வாரமுமாகப் பரந்து கிடந்த பழைய வீட்டை விட்டு நகரத்து மாடிவீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் ஆட்கள் குறைந்துவிடுவதில்லை என்பது நமக்கு எவ்வளவு தெளிவோ, அவ்வளவு தெளிவு இந்த மூன்று காரணங்களும் கூடிய உள்ளத்துக்குப் பாலைப் பற்றியும் வந்துவிடுகிறது.

குழந்தையின் கண் ஏன் உயரத்தையே பற்றிக்கொள்கிறது என்பதற்கு வடிவ கணிதத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. பாத்திரத்தின் குறுக்களவைப் பாதியாக்கினால், அதே நீர் இரண்டு மடங்கு உயரம் ஏறுவதோடு நிற்பதில்லை. நான்கு மடங்கு உயர்ந்துவிடுகிறது. அகலத்தில் நேர்ந்த சிறு குறைவு உயரத்தில் பெரும் கூடுதலாகப் பிரத்தியட்சமாகும்போது, இரண்டையும் ஒருசேர மனத்தில் நிறுத்திக் கணக்குப் பார்க்கப் பழகாத உள்ளம், மிகுதியாகத் தெரிவதன் பக்கமே சாய்கிறது. பெரியவர்களும் இந்த மயக்கத்திலிருந்து முற்றிலும் விடுபட்டவர்கள் அல்லர். பிரியா ரகுபீர், ஆராத்னா கிருஷ்ணா என்னும் இரு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, உயரமான பாத்திரத்தில் அதிகம் கொள்ளும் என்றே வளர்ந்தவர்களும் மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. நமக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் இல்லை. கண் சொல்வதைச் சந்தேகிக்கும் உரிமையை நாம் பெற்றுவிட்டோம் என்பதில்தான் இருக்கிறது.

அப்படியானால், கண்ணை மறைத்துவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் குழுவில் பணியாற்றிய பிரான்சுவாஸ் ஃபிராங்க் இதையே சோதித்தார். குவளைகளின் விளிம்பு மட்டும் தெரியுமாறு முன்னே ஒரு திரையை வைத்து, நீர் மட்டம் தெரியாதபடி ஊற்றிவிட்டு, எதில் அதிகம் என்று கேட்டபோது, முன்பு தவறிய சிறுவர்களுள் பலர் சமம் என்று சரியாகவே சொன்னார்கள். திரையை விலக்கியதும் நான்கு வயதினர் மறுபடியும் கண்ணுக்கே பணிந்து விடையை மாற்றிக்கொண்டனர். அதற்கு மேற்பட்ட வயதினரோ பெரும்பாலும் தாம் சொன்னதிலேயே உறுதியாக நின்றனர். ஊற்றுவதனால் அளவு மாறாது என்னும் எண்ணம் குழந்தையின் உள்ளத்தில் முன்னமே முளைத்திருக்கிறது என்பதும், கண்ணின் அதிகாரம் அதனை எழவொட்டாமல் அழுத்துகிறது என்பதும் இதனால் விளங்கின.

இவற்றையெல்லாம்விட ஆசிரியருக்கு அதிகம் பயன்படக்கூடிய செய்தி ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிலிருந்து வந்தது. பட்ரீஷியா கிரீன்ஃபீல்டு என்னும் ஆய்வாளர் அங்கே வோலோஃப் மக்களின் குழந்தைகளிடம் இதே சோதனையை நடத்தி, 1966-இல் முடிவுகளை வெளியிட்டார். பள்ளிக்குப் போகாத குழந்தைகளுள் சிலர், நீங்கள் ஊற்றினீர்கள், அதனால்தான் கூடிவிட்டது என்ற பொருளில் விடை கூறினர். வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர் கைவைத்ததால் நீருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அவர்கள் கருதினர் போலும். ஆனால் அதே குழந்தைகளின் கையில் பாத்திரத்தைக் கொடுத்து அவர்களையே ஊற்றச் சொன்னபோது, சமம் என்று கூறியவர்களின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்துவிட்டது. தன் கை செய்த காரியத்தில் மாயம் ஏதும் இல்லை என்பதைக் குழந்தை அறியும்.

கேள்வி கேட்கும் விதத்திலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே கேள்வியை, மாற்றுவதற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையுமாக இரண்டு தடவை கேட்டால், முதல் விடை தவறாயிருந்ததனால்தான் பெரியவர் மறுபடி கேட்கிறார் என்று குழந்தை ஊகித்து விடையை மாற்றிவிடுவதுண்டு. வரிசையாக வைத்த வில்லைகளைக் கொண்டு 1974-இல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் ஆகியோர் செய்த சோதனையில், இறுதியில் ஒரு முறை மட்டும் கேட்டபோது சரியான விடைகள் கூடின. ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே விடையைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் ஊறிய நம் வகுப்பறைகளில் இந்த எச்சரிக்கைக்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி உயர்ந்த மேட்டுநிலத்தில் அமைந்த தளியைப் போன்ற ஓர் ஊரில் கொள்ளளவுப் பாடத்தை எவ்வாறு தொடங்கலாம் என்று எண்ணிப் பார்ப்போம். ராகியும் கறவை மாடுகளும் நெடுங்காலமாக இந்தப் பக்கத்தின் ஜீவனம். இன்று பசுமைக்குடில்களில் மலர் வளர்ப்பும் பெருகி, இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின்கீழ் மலர்களுக்கான மகத்துவ மையம் ஒன்றும் இவ்வூரில் அமைந்திருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிப்பதனால், ஒரு வீட்டுப் பாட்டி படியையும் ஆழாக்கையும், அடுத்த வீட்டுப் பாட்டி சேரையும் பாவையும், அதற்கடுத்த வீட்டுப் பாட்டி மானிகையையும் சோலையையும் கொண்டு கணக்குச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அளவையின் சாஸ்திரம் முழுவதையும் கற்பிக்கத் தேவையான கருவிகள் ஊரிலேயே கிடக்கின்றன என்று பொருள்.

முதற்படி, எண்ணே இல்லாத ஒப்பீடு. ஒரு சொம்பையும் ஒரு பாட்டிலையும் கொடுத்து, எதில் அதிகம் கொள்ளும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு ஒன்றை விளிம்பு வரை நிரப்பி மற்றொன்றில் ஊற்றச் செய்ய வேண்டும். வழிந்தால் ஊற்றிய பாத்திரம் பெரிது; இடம் மிஞ்சினால் சிறிது. கொள்ளளவு என்பது பாத்திரத்தின் குணம், கன அளவு என்பது அதில் உள்ள நீரின் குணம் என்னும் பேதமும் இங்கேயே, விளக்கம் ஏதுமின்றிக் கைக்குப் பிடிபடும். அரைச் சொம்பு நீர் இருக்கும்போதும் சொம்பின் கொள்ளளவு ஒரு சொம்புதான். ஊகம் பொய்க்கும்படியான ஜோடிகளை, அதாவது உயரமான சிறிய பாத்திரத்தையும் குட்டையான பெரிய பாத்திரத்தையும், ஆசிரியர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தல் நன்று.

இரண்டாம் படியில் இடையே ஒரு மூன்றாம் பாத்திரம் நுழைகிறது. பள்ளித் தொட்டிக்கு அருகில் உள்ள அண்டாவையும் சமையற்கூடத்துத் தவலையையும் ஒன்றில் மற்றொன்றைக் கவிழ்த்து ஒப்பிட முடியாது. ஆனால் ஒரே வாளியால் இரண்டையும் நிரப்பிப் பார்க்கலாம். அண்டா வாளியைவிடப் பெரிது, வாளி குடத்தைவிடப் பெரிது, ஆகவே அண்டா குடத்தைவிடப் பெரிது என்று, நேரில் ஒப்பிடாத இரண்டைப் பற்றித் துணிந்து சொல்லும் இந்த அனுமானத்தைக் கணித நூல்கள் 'கடப்பு உறவு' என்கின்றன. சாதாரணமாகத் தோன்றும் இந்தத் துணிவின் மேல்தான் உலகத்து அளவைகள் அனைத்தும் நிற்கின்றன. அளவுகோல், தராசு, லிட்டர் ஆகிய யாவும் இடையில் நின்று சாட்சி சொல்லும் மூன்றாம் பாத்திரங்களே.

மூன்றாம் படியில் எண் பிறக்கிறது. ஒரு சிறிய டம்ளரால் எத்தனை முறை ஊற்றினால் குடம் நிரம்புகிறது என்று எண்ணத் தொடங்கியவுடன், குழந்தைகள் தாமே சில விதிகளைக் கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் டம்ளரை ஒரே மட்டத்துக்கு நிரப்பாவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை. கீழே சிந்தியது கணக்கைக் கெடுக்கும். கடைசியில் அரை டம்ளர் மிஞ்சினால் அதற்கும் ஒரு பெயர் வேண்டும். அரிசியைப் படியில் கோபுரமாகக் குவித்தும் அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். நீர் தன் மட்டத்தைத் தானே சமப்படுத்திக்கொள்வதால் அந்தத் தகராறு நீருக்கு இல்லை. ஆயினும் கறந்த பாலில் நுரை இருக்கிறது. நுரை அடங்குமுன் அளந்த பாலில் ஒரு பங்கு காற்று. பாலை எடைபோட்டுச் சரிபார்த்தால் நுரையின் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ நிற்க வேண்டும். டபராப் பாலையும் டம்ளர்ப் பாலையும் ஒரு தராசின் இரு தட்டுகளில், பாத்திரங்களின் எடையை ஈடுகட்டி நிறுத்திக் காட்டுவதும் அதே யுக்திதான்: கண் தந்த சாட்சியத்தை வேறொரு வழியால் விசாரித்தல்.

நான்காம் படி கருத்து வேற்றுமையிலிருந்து தொடங்குகிறது. ஒரே குடத்துக்கு ஒரு குழு எட்டு என்றும் இன்னொரு குழு அறுபத்து நான்கு என்றும் விடை சொல்லும். முதற்குழு படியால் அளந்தது, இரண்டாம் குழு ஆழாக்கால் அளந்தது. அலகு சிறுத்தால் எண் பெருக்கும் என்னும் தலைகீழ் உறவு, வாய்ப்பாடாகச் சொன்னால் குழம்பும். இருவரும் தத்தம் எண்ணுக்காக வாதாடிய பின் தானே தெளியும். நம் பழைய அளவைகளின் அமைப்பு இதற்கு மிகவும் உகந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆகவே அரைப்படி, காற்படி, அரைக்காற்படி என்னும் பின்னங்களைக் குழந்தை எழுதிக் கற்குமுன் ஊற்றியே கற்றுவிடலாம். கூம்பு வடிவமான ஒரு பாத்திரம் முழுவதும் ஒரு படி கொள்ளுமானால், அதன் பாதி உயரம் வரை நின்ற நீர் அரைப்படி அன்று, ஓர் ஆழாக்குதான் என்று அளந்து காட்டினால், உயரத்தை நம்பிய கண்ணுக்கு அதைவிட நல்ல பாடம் வேறு இராது.

ஆனால் படி என்னும் பெயர் ஒன்றாயிருந்தும் பாத்திரம் ஒன்றாயிருக்கவில்லை. பட்டணம் படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் அது வேறுபட்டது. இந்தச் சிக்கல் புதிதும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், நெல்லை அளந்த மரக்கால் இன்னது என்பதைத் தெளிவாக்க 'ஆடவல்லான்' என்று அதன் பெயரையே பொறித்து, அது ராஜகேசரி என்னும் அளவுக்குச் சமம் என்றும் குறித்திருக்கிறார்கள். நந்தாவிளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்று முதலாம் ராஜராஜன் காலத்தில் ஏற்படுத்திய தர்மம் வழிவழியாக நடக்க வேண்டுமானால், உழக்கு எது என்பதில் ஐயம் இருக்கலாகாது அல்லவா? பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் நெல்லிலக்கம் என்ற பெயரில் இந்த அளவைகளின் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் மனனம் செய்தார்கள்.

மொழிவாரி மாநிலங்கள் அமைந்த அதே 1956-இல்தான், தளியை ஒட்டிய எல்லையின் இருபுறத்துக்கும் பொதுவாக, எடைகளுக்கும் அளவைகளுக்கும் தரம் வகுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக வந்து, படிக்கும் சேருக்கும் மானிகைக்கும் இடையே நடுவராக லிட்டர் அமர்ந்தது. அந்த நடுவரின் இலக்கணத்தையும் அறிஞர்கள் ஒரு முறை திருத்த வேண்டியிருந்தது. ஒரு கிலோ தூய நீர் அடைத்துக்கொள்ளும் இடமே லிட்டர் என்று 1901-இல் சர்வதேச மாநாட்டில் வரையறுத்தார்கள். பிறகு நுட்பமாக அளந்தபோது, பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தைவிட அது பத்து லட்சத்தில் 28 பங்கு பெரிதாக இருப்பது தெரியவந்தது. 1964-இல் நீரின் துணையை விட்டு, அந்தக் கனசதுரமே லிட்டர் என்று முடிவு செய்தார்கள். அட்டையால் அத்தகைய பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே பிளாஸ்டிக் பையை விரித்து, ஒரு லிட்டர் நீரை ஊற்றிக் காட்டினால், இந்தச் சரித்திரம் முழுவதும் மூன்றாம் வகுப்பு மேசைமேல் வந்து நிற்கும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இத்தகைய முயற்சிக்கு இடம் இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-ஐ ஒட்டி மாநிலம் முழுவதும் பரவியது. அதன் வேர், தளியிலிருந்து அதிக தூரம் இல்லாத ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் பரிசோதனைகளில் இருந்தது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' இயக்கமும் செயல்பாட்டையும் பொருள்களையும் முன்னிறுத்துகிறது. ஆயினும் ஓர் ஆபத்து எந்தத் திட்டத்திலும் ஒளிந்திருக்கிறது. ஜாடியும் குவளையும் வரைந்த படத்தைக் காட்டி, எது அதிகம் கொள்ளும் என்று கேட்பது பாடநூலுக்கு எளிது. ஆனால் தாளில் உள்ள பாத்திரத்துக்கு உயரம் உண்டு, ஆழம் இல்லை. எந்த மயக்கத்திலிருந்து குழந்தையை மீட்க விரும்புகிறோமோ, அதே மயக்கத்தையே அத்தகைய படம் மதிப்பெண் கொடுத்து வளர்க்கிறது. ஒரு பக்கம் படத்தைவிட ஒரு வாளி நீர் மேலான பாடநூல். தரை நனைவதைப் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியரே அதற்குத் தக்க உரையாசிரியர்.

இத்தனை படிகளைக் கடந்த பிறகே லிட்டரும் மில்லிலிட்டரும் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது காலத்தை வீணாக்குவதற்காக அன்று. ஆயிரம் மில்லிலிட்டர் ஒரு லிட்டர் என்று ஒரே நாளில் ஒப்பிக்கச் செய்துவிடலாம். ஒப்பித்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகு அதன் பயன் சோதிக்கப்படுகிறது. பசுமைக்குடிலில் பதினாறு லிட்டர்த் தெளிப்பானில் மருந்தைக் கலப்பவர், லிட்டருக்கு இத்தனை மில்லி என்னும் குறிப்பைப் புட்டியின் மூடியளவாக மாற்றத் தெரிந்தவராயிருக்க வேண்டும். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பிரிக்கும் தாய், அதற்குரிய ஒரு லிட்டர் நீரைத் தன் வீட்டுச் சொம்பால் துல்லியமாக எடுக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்பு மிகுந்து தீங்கு, கூடினால் மருந்தின் சக்தி குறைவு. அத்தகைய வேளையில் மனனம் செய்த வாய்ப்பாட்டைவிட, தன் சொம்பு எவ்வளவு கொள்ளும் என்று என்றோ ஒரு நாள் ஊற்றி எண்ணிப் பார்த்த அனுபவமே அவளுக்குத் துணை நிற்கும். ஆகவே ஒன்றாம் வகுப்புக்கு நீரையும் பாத்திரங்களையும், இரண்டாம் வகுப்புக்கு எண்ணிக்கையையும் அதனால் விளையும் வாதத்தையும், மூன்றாம் வகுப்புக்கு அந்த வாதத்தைத் தீர்க்கும் லிட்டரையும் ஒதுக்குவோமானால், அளவை என்பது அரசாங்கம் வகுத்த விதி என்ற அளவில் நின்றுவிடாமல், தாமே வேண்டிக் கேட்டுப் பெற்ற தீர்ப்பு என்று பிள்ளைகள் உணர்வார்கள்.